பெயரும் பிறவியும்: அக்சலோட்டிலின் வகையீடு பற்றிய ஒரு திறனாய்வு

உயிர்களுக்குப் பெயரிடுதல் எளிய செயல்போலத் தோன்றும். கண்ணெதிரே நிற்கும் ஒன்றைச் சுட்டி, இதன் பெயர் இது என்று கூறிவிட்டால் அத்தொழில் முடிந்தது எனக் கருதுவோர் பலர். ஆயின், கண்ணெதிரே நிற்பது ஓர் உயிரின் முழு வாழ்வன்று. அவ்வாழ்வின் ஒரு பருவமே. இவ்வுண்மையைத் தமிழ் இலக்கண நூலார் நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் என மூவகைப் பெயர்களை வகுத்துக் கூறும். அவற்றுள் இளமைப்பெயரையே முதற்கண் வைத்தது. பறவையின் இளமை பார்ப்பு. யானையின் இளமை கன்று. தவளையைப் பொறுத்தவரை உலக வழக்கு இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. அதன் இளமைப் பருவத்துக்கு வாற்பேய் என்றும் தலைப்பிரட்டை என்றும் முற்றிலும் வேறான பெயர்களே வழங்குகின்றன. வாலும் செவுளும் கொண்டு நீரில் நீந்துவதும், காலூன்றித் தரையில் தாவுவதும் ஒரே உயிர் என்பது மாற்றத்தைக் கண்டவர்க்கே புலனாகும். காணாதவர்க்கு அவை இரண்டு உயிர்களே.

இனி, ஒருபோதும் தவளையாக மாறாது, வாற்பேயாகவே வளர்ந்து, வாற்பேயாகவே முட்டையிட்டு, வாற்பேயாகவே இறக்கும் ஓர் உயிர் உளதாயின், அதற்கு இடவேண்டிய பெயர் இளமைப்பெயரா, முதுமைப்பெயரா? இவ்வினா வெறுங் கற்பனையன்று. மெக்சிக்கோ நாட்டின் ஏரிகளில் வாழும் அக்சலோட்டில் என்னும் நீர்வாழ் சலமந்தர் ஐரோப்பிய விலங்கியலாரை இவ்வினாவால் நூறாண்டுக்கு மேலாக அலைக்கழித்தது. அவ்வுயிருக்கு இடப்பட்ட பெயர்களின் வரலாறு, பெயர் என்பது ஒரு குறியீடு மட்டுமன்று, ஒரு தீர்ப்புமாகும் என்பதை நன்கு விளக்குகின்றது. அத்தீர்ப்புக்களுள் எவை நேரியன, எவை பிழைபட்டன, பிழைபட்டமைக்குக் காரணம் யாது என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

சலமந்தர்கள் தவளையைப் போல ஈரூடகவாழிகள் என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. ஆயின், வளர்ந்த பின்னரும் வாலுடையவை. அவற்றுட் பல, இளமையில் நீரிற் குடம்பியாக வாழ்ந்து, பின்பு செவுளை இழந்து நுரையீரலால் மூச்செடுத்துத் தரையேறும். அக்சலோட்டிலோ தலையின் இருமருங்கும் மும்மூன்றாகக் கிளைத்த புறச்செவுள்களையும், துடுப்புப் போன்ற வாலையும் வாழ்நாள் முழுவதும் தாங்கி நிற்பது. மெக்சிக்கோ நகரின் தெற்கேயுள்ள சொச்சிமில்கோ, சால்கோ என்னும் ஏரிகளே அதன் பிறப்பிடம். அங்கு வாழ்ந்த நாகுவா மக்கள் அதனை உணவாகக் கொண்டனர். அவர்தம் மொழியில் நீரைக் குறிக்கும் சொல்லும் சொலோட்டில் என்னுந் தெய்வத்தின் பெயரும் இணைந்து அப்பெயர் அமைந்தது. இறப்புக்கு அஞ்சி ஓடிய சொலோட்டில், சோளப் பயிராகவும் கற்றாழையாகவும் உருமாறி ஒளிந்து, இறுதியில் நீருட் புகுந்து அக்சலோட்டிலாகிப் பிடிபட்டது என்னும் கதையைப் பதினாறாம் நூற்றாண்டில் சாகுன் என்னுந் துறவி தொகுத்த நூல் கூறுகின்றது. உருமாறுந் தெய்வத்தின் பெயரை உருமாறா உயிருக்கு அம்மக்கள் இட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐரோப்பியர் இட்ட அறிவியற்பெயர்களுள் முதலாவது, பிரித்தானிய நூதனசாலையைச் சார்ந்த ஜோர்ஜ் ஷோ 1798 ஆம் ஆண்டிற் சூட்டிய கைரினஸ் மெக்சிக்கானஸ் என்பது. கிரேக்க மொழியிற் கைரினஸ் என்பதன் மூலச்சொல் வாற்பேயைக் குறிக்கும். எனவே மெக்சிக்கோ நாட்டு வாற்பேய் என்பதே அப்பெயரின் பொருள். இப்பெயரில் ஒரு குறையும் ஒரு நிறையும் உள. சாதிப்பெயராக அவர் எடுத்தாண்ட சொல் நீர்வண்டுச் சாதி ஒன்றுக்கு முன்னரே உரியதாயிருந்தது. ஒரே சொல்லை இரு விலங்குச் சாதிகளுக்கு இடுதல் முறையன்று. இது குறை. ஆயின், பதனிடப்பட்ட உடலை மட்டுமே கண்ட ஒருவர் அதன் இளமைத் தன்மையை உடனே இனங்கண்டது நிறையாகும். பின்னர் எழுந்த பல பெயர்கள் முறைமையிற் சிறந்தும் உண்மையிற் குறைந்தும் நின்றன.

அடுத்துத் தீர்ப்புரைத்தவர் ஒப்பீட்டு உடலமைப்பியலின் தந்தை எனப் போற்றப்படும் குவியே. மெக்சிக்கோவிற் பயணஞ்செய்து 1804 ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கு மீண்ட ஹம்போல்ட் தாம் கொணர்ந்த அக்சலோட்டில்களை அவரிடம் ஒப்படைத்தார். நிலையான செவுளுடையனவாகக் கூறப்பட்ட ஈரூடகவாழிகள் உண்மையில் முதிர்ந்தனவா, குடம்பிகளா என்பதே அக்காலத்துப் பெரும் ஐயம். குவியே அவற்றை அறுத்தாராய்ந்து, அமெரிக்க நாட்டுச் சைரனும் ஐரோப்பியக் குகைகளில் வாழும் புரோத்தியசும் முதிர்ந்த உயிர்கள் என்றும், அக்சலோட்டில் மட்டும் இன்னும் அறியப்படாத யாதோ ஒரு சலமந்தரின் குடம்பி என்றும் முடிவு செய்தார். அம்முடிவு முழுவதும் சரியானதே என்பது அறுபதாண்டுகளுக்குப் பின் தெளிவாயிற்று. ஆயினும், அவர் அம்முடிவில் உறுதியாக நின்றாரல்லர். அக்சலோட்டில் செவுளை ஒருபோதும் இழப்பதில்லை என்று பலர் சான்று கூறியமையால், தம் பிற்கால நூலில் அதனை நிலையான செவுளுடையவற்றின் வரிசையிலே தயக்கத்துடன் வைத்தார்.

குவியேயின் இத்தயக்கத்தைக் கோழைமை எனக் கூறுதல் பொருந்தாது. எலும்பு ஒன்று கூறியது. கண்டோர் சான்று வேறொன்று கூறியது. இரண்டும் உண்மையே. அவ்வுயிர் குடம்பி என்பதும் உண்மை. அது மாறுவதில்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும் என்பதற்கு அக்கால வகையீட்டில் இடமில்லை. குடம்பி எனின் மாறுதல் வேண்டும். மாறாதெனின் அது குடம்பியன்று. இதுவே அன்றைய நூன்முறை. ஆகவே குறைபாடு அறிஞரிடத்தன்று. அவர் கையிலிருந்த பெட்டகத்தின் அறைகளிடத்தே எனல் தகும்.

அதன் பயனாக ஒரே குலத்துக்கு இரண்டு பெயர்கள் நிலைபெற்றன. 1830 ஆம் ஆண்டில் வாக்லர் அக்சலோட்டிலுக்குச் சைரெடன் என்னுஞ் சாதிப்பெயரை அமைத்தார். 1838 ஆம் ஆண்டில் சூடி என்பார் அமெரிக்காவின் தரைவாழ் சலமந்தர்கள் சிலவற்றை அம்பிஸ்டோமா என்னுஞ் சாதியாக்கினார். மழுங்கிய வாயுடையது என்னும் பொருள்படும் அம்பிளிஸ்டோமா என்பதே அவர் கருதிய சொல்லாதல் வேண்டும் எனக் கொண்டு, பின்வந்தோர் பலர் ஓரெழுத்தைச் சேர்த்துத் திருத்தி எழுதினர். ஆயினும், ஆசிரியர் முதலில் எழுதிய வடிவமே செல்லும் என்னும் விதிப்படி இன்று அம்பிஸ்டோமா என்பதே வழங்குகின்றது. நீரில் வாழ்வது ஒரு சாதி, தரையில் வாழ்வது வேறொரு சாதி என்று நூல்கள் பேசின. அவை ஒன்றே என ஐயுறுதற்கும் எவரிடத்தும் உறுதியான சான்றில்லை.

அச்சான்று எதிர்பாராதவாறு பாரிஸ் மாநகரிற் கிடைத்தது. மெக்சிக்கோவிலிருந்து உயிருடன் கொணரப்பட்ட முப்பத்து நான்கு அக்சலோட்டில்களுள் ஆறு, 1864 ஆம் ஆண்டில் அந்நகர் இயற்கை வரலாற்று நூதனசாலையில் அகஸ்து துய்மேரில் என்னும் பேராசிரியரின் பொறுப்பில் விடப்பட்டன. அவற்றுள் ஐந்து ஆண், ஒன்று பெண். 1865 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவை நீரிலேயே முட்டையிட்டன. குடம்பி இனம்பெருக்காது என்னும் கொள்கை அன்றே வீழ்ந்தது. அவ்வாண்டு முடியுமுன், அக்குஞ்சுகளுட் சில செவுளும் வாற்றுடுப்பும் சுருங்கி, தோலில் மஞ்சட் புள்ளிகள் தோன்றப்பெற்று, தரைவாழ் அம்பிஸ்டோமாக்களாயின. பெற்றோர் நீரில் மாறாது நிற்க, மக்கள் வேறொரு சாதியாகத் தரையேறியதைத் துய்மேரில் கண்டார். சைரெடன், அம்பிஸ்டோமா என்னும் இரு சாதிகளுக்கிடையே நூலோர் எழுப்பிய மதில் ஒரு கண்ணாடித் தொட்டியினுள்ளே இடிந்து வீழ்ந்தது.

இந்நிகழ்ச்சிக்கு விளக்கங் காண முற்பட்டோருள் தலையாயவர் ஜெர்மன் நாட்டு வைஸ்மன். பிறைபேர்க்கில் மேரி ஃபொன் சோவின் என்னும் பெண்மணி, அக்சலோட்டில்களைப் படிப்படியாக நீர் குறைத்து வளர்த்துத் தரையேறச் செய்த சோதனைகளை ஆதாரமாகக் கொண்டு, வைஸ்மன் 1875 ஆம் ஆண்டிற் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அக்சலோட்டில் முன்னேறிப் புதியதோர் இனமாகவில்லை. அதன் மூதாதையர் தரைவாழ் சலமந்தர்களே. மெக்சிக்கோவின் வறண்ட சூழலில் தரைவாழ்வு அரிதாகவே அவை குடம்பி நிலைக்குப் பின்னிட்டன. தொட்டியில் நிகழ்ந்தது பழைய நிலைக்கு மீட்சியே என்பது அவர் வாதம். மூதாதையர் உருமாற்றம் அடைந்தோர் என்னும் பகுதி இன்றும் ஏற்கப்படுகின்றது. ஆனால் வறட்சி பற்றிய பகுதியை அவ்வேரிகளின் கரையில் நின்று எவரும் சோதித்திருக்கவில்லை.

அதனைச் சோதித்தவர் விலங்கியலையே தொழிலாகக் கொண்டவரல்லர், ஓவியர். மெக்சிக்கோப் பள்ளத்தாக்கின் நிலக்காட்சிகளைத் தீட்டிப் பெரும்புகழ் பெற்ற ஹோசே மரியா வெலாஸ்கோ, தம் ஊரையடுத்த சாந்தா இசபெல் ஏரியில் வாழ்ந்த அக்சலோட்டில்களை நெடுங்காலம் நோக்கி, 1879 ஆம் ஆண்டில் அவற்றைப் புதியதோர் இனமாக விவரித்தார். ஏரி வற்றுங்கால் அவை இயல்பாகவே உருமாறித் தரையேறுவதை அவர் கண்டிருந்தார். அக்காட்சியைக் கொண்டு வைஸ்மனின் கூற்றை மறுத்தெழுதினார். அவர் இட்ட இனப்பெயர் வேறொரு சலமந்தருக்கு முன்னரே வழங்கியமையால், 1888 ஆம் ஆண்டில் தூகே என்பார் அதனை நீக்கி, ஓவியர் பெயராலேயே வெலாஸ்கி என வழங்கினார்.

இவ்விருவர் வாதத்தையும் இன்று நடுநின்று நோக்கின் ஓர் உண்மை வெளிப்படும். வெலாஸ்கோ கண்ட உயிர் வேறு. வைஸ்மன் கண்டது வேறு. முன்னையது வற்றும் ஏரியில் வாழ்ந்து உருமாறும் இனம். பின்னையது வற்றாத ஏரியில் வாழ்ந்து உருமாறா இனம். அக்சலோட்டில் என்னும் ஒரே சொல் இரண்டையும் மூடியிருந்தமையால், ஓரினத்தின்மேற் கண்ட உண்மை மற்றையதன் கூற்றுக்கு மறுப்பாக நின்றது. எனினும் இவ்வழக்கில் வைஸ்மனின் பொறுப்பே மிகுதி. ஒரு நாட்டின் காற்றும் நிலமும் உயிருக்கு இதைச் செய்தன என்று கூறுவோர், அந்நாட்டில் வாழ்ந்து கண்டாரின் சொல்லை முதற்கண் நாடியிருத்தல் வேண்டும். ஏரி ஏறக்குறைய நிலையானதா, ஆண்டுதோறும் வற்றுவதா என்னும் ஒரு செய்தி, தொட்டிச் சோதனைகள் பலவற்றினும் இங்குப் பெறுமதி வாய்ந்தது.

உருமாறாமையின் உட்காரணம் இருபதாம் நூற்றாண்டிலே தெரியவந்தது. 1913 ஆம் ஆண்டிற் செக் நாட்டு லாவுபேர்கர், தைரொயிட் சுரப்பியை உணவாக ஊட்டி அக்சலோட்டிலைத் தரையேறச் செய்தார். 1920 ஆம் ஆண்டில் ஜூலியன் ஹக்சிலி அச்செயலைத் தாமும் நிகழ்த்திக் காட்டினார். மாறுதற்குரிய ஆற்றல் அவ்வுடலில் அழிந்துபோகவில்லை. அதனை எழுப்புஞ் சுரப்பே போதாதிருந்தது என்பது இதனாற் பெறப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் வொஸ், ஷாஃபர் என்னும் இருவர், அக்சலோட்டிலையும் அதன் உறவான புலிச் சலமந்தரையும் கலந்து பெற்ற வழித்தோன்றல்களை ஆராய்ந்து, இம்மாற்றத்தின் பெரும்பகுதி பரம்பரை அலகுத் தொகுதியின் ஒரே இடத்தைச் சார்ந்து நிற்பதாகக் காட்டினர். இரு சாதிகள் என முன்னோர் பிரித்தவற்றுக்கிடையே நின்ற வேறுபாடு இத்துணை மெல்லியது. உருவ வேற்றுமை பெரிது என்பதனால் உறவு சேய்மையது என்று கொள்ளுதல் கூடாதென்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

உண்மை தெளிந்த பின்னும் பெயர்வழக்கு முடியவில்லை. விலங்கியற் பெயரீட்டு விதிகளின்படி, குடம்பிக்கு இட்ட பெயரும் முதிர்ந்த உயிருக்கு இட்ட பெயரும் ஒத்த தகுதியுடையன. இரண்டுள் முந்தியதே செல்லும். அவ்வாறாயின் 1838 இல் எழுந்த அம்பிஸ்டோமா நீங்க, 1830 இல் எழுந்த சைரெடன் அச்சாதி முழுவதற்கும் உரித்தாதல் வேண்டும். வட அமெரிக்காவிற் பலரும் நன்கறிந்த சலமந்தர்கள் அனைத்தின் பெயரும் அதனால் மாறிவிடும். சிமித், டைகன் என்னும் இருவர் விண்ணப்பிக்க, விலங்கியற் பெயரீட்டுக்கான அனைத்துலக ஆணைக்குழு 1963 ஆம் ஆண்டில் தனக்குரிய சிறப்பதிகாரத்தைப் பயன்படுத்தி அம்பிஸ்டோமா மெக்சிக்கானம் என்பதையே நிலைநிறுத்தியது. முன்மை என்பது ஒழுங்கின்பொருட்டு ஏற்பட்டதேயன்றி ஒழுங்கைக் குலைத்தற்கன்று. ஆதலின் அத்தீர்ப்பு ஏற்புடையதே. ஷோ இட்ட இரு சொற்களுள் வாற்பேயைக் குறித்தது ஒழிந்தது. நாட்டைக் குறித்தது நின்றது.

பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றுதானே, இத்துணை வழக்கு எதற்கு என வினவுவாரும் உளர். அவர்க்கு அல்சிசிக்கா என்னும் உவர்நீர் ஏரியின் செய்தி விடையாகும். பியூப்லா மாநிலத்திலுள்ள அவ்வேரியில் உருமாறாச் சலமந்தர் இனமொன்று வாழ்கின்றது. 1943 ஆம் ஆண்டில் டெயிலர் என்னும் அறிஞர் அவ்விடத்து உயிருக்குப் பெயரிட்டபோது, பெயருக்கு ஆதாரமாக வைத்த மாதிரி உருமாற்றம் அடைந்த வேறோர் இனத்தைச் சேர்ந்ததாயிற்று. பெயர் மாதிரியோடு சென்றது. ஏரியின் உயிரோ பெயரின்றி நின்றது. ஏறக்குறைய நாற்பதாண்டுகளின் பின்னரே அதற்குத் தனிப்பெயர் கிடைத்தது. அதனை விவரித்தோர் டெயிலரின் பெயரையே அதற்கு இட்டு அவரைச் சிறப்பித்தனர். பெயரில்லாத உயிரைக் காக்குமாறு எவரும் சட்டஞ் செய்தல் இயலாது; ஆகவே பெயர்ப்பிழை ஏட்டோடு நின்றுவிடும் பிழையன்று.

அக்சலோட்டிலுக்கு இன்று நேர்ந்துள்ளது இதற்கு மறுதலையான இடர். அங்குப் பெயரின்றி ஓர் உயிர் நின்றது. இங்கு ஒரு பெயரின்கீழ் இரண்டு கூட்டங்கள் நிற்கின்றன. ஒன்று சொச்சிமில்கோவின் கால்வாய்களில் எஞ்சியுள்ளது. மற்றையது பாரிஸ் தொட்டியிற் பிறந்தவற்றின் வழிவந்து உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்வது. இழந்த காலையும் வாலையும் மீள வளர்க்கும் ஆற்றலுடைமையால் இரண்டாவது கூட்டம் பெருமதிப்புப் பெற்றது. 2018 ஆம் ஆண்டில் அதன் பரம்பரைத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது; அது மனிதரதனினும் பத்து மடங்கு பெரிது. ஆனால் அக்கூட்டம் தூயதன்று. 1962 ஆம் ஆண்டில் ஹம்பிறி என்பார் வெண்ணிறப் பண்பை நாடி, ஒரு புலிச் சலமந்தரை அக்சலோட்டிலுடன் கலந்தார். அக்கலப்பின் சுவடு, அமெரிக்க ஆய்வுக்கூட்டத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு என 2017 ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது.

முதற் கூட்டத்தின் நிலை யாது? நகரம் பெருகவே ஏரிகள் வற்றிக் கால்வாய்களாயின, கழிவுநீர் கலந்தது, மீன்வளம் கருதி விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. 1998 ஆம் ஆண்டிற் சதுர கிலோமீற்றருக்கு ஆறாயிரம் என மதிப்பிடப்பட்டவை, 2014 ஆம் ஆண்டில் முப்பத்தாறாகக் குறைந்தன. 2006 ஆம் ஆண்டிலேயே அவ்வினம் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் ஏறியது. 2021 ஆம் ஆண்டில் மெக்சிக்கோ அரசு தன் ஐம்பது பேசோ நாணயத்தாளில் அதன் உருவத்தைப் பொறித்தது. தாளிற் பெருகிய உருவம் நீரிற் பெருகவில்லை.

அக்சலோட்டில் அழிகின்றதா எனின், அழிகின்றது என்பதும் உண்மை. பல்லாயிரக்கணக்கில் வாழ்கின்றது என்பதும் உண்மை. குவியேயைத் தயங்கவைத்த அதே இரட்டை உண்மை இன்று வேறுருவில் திரும்பியுள்ளது. அன்று பெட்டகத்துக்கு அறை போதாது ஒரே உயிர் இரண்டாகப் பிளந்தது. இன்று ஓர் அறையுள் இரண்டை இட்டமையால், ஒன்றன் பெருக்கம் மற்றதன் அழிவை மறைக்கின்றது. இவற்றுக்கு இருவேறு இனப்பெயர் இடுதல் வேண்டும் என்பது இதன் பொருளன்று. அவை இனத்தால் ஒன்றே. ஆயினும் எண்ணிக்கை கூறுவோரும், பாதுகாப்புத் திட்டம் வகுப்போரும், தொட்டியில் வளர்ந்தவற்றை ஏரியில் விட எண்ணுவோரும், தாம் பேசுவது தொட்டியின் உயிரையா ஏரியின் உயிரையா என்பதை ஒவ்வோரிடத்தும் வெளிப்படக் கூறுதல் கடமையாகும். அங்ஙனம் கூறாத வகையீடு, நூலளவிற் செப்பமுற்றிருப்பினும் பொருளளவிற் குறையுடையதே.

இருநூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில், நேரிய தீர்ப்புக்கள் உயிரின் முழு வாழ்வையும் அது வாழும் நீரையும் நோக்கியவர்களாலேயே அமைந்தன. உருவத்தை மட்டும் நோக்கியவர் இரண்டு சாதிகளைக் கண்டனர். பெயரை மட்டும் நோக்கியவர் வேறுபட்ட இரண்டை ஒன்றென வாதித்தனர். ஏரியை நோக்கிய ஓவியரோ எஞ்சியோர் காணாததைக் கண்டார். நாகுவா மக்களின் கதையிற் சொலோட்டில் எத்துணை உருமாறியும் இறுதியில் நீரிலேயே பிடிபட்டது. அந்நீர் இன்னும் முற்றாக வற்றிவிடவில்லை. அது வற்றுமாயின், அம்பிஸ்டோமா மெக்சிக்கானம் என்னும் பெயர் ஏடுகளிலும் தொட்டிகளிலும் பிழையின்றி நிலைத்திருக்கும். மெக்சிக்கோ என அப்பெயருள் நிற்கும் சொல்லுக்கு மட்டும் பொருளிராது.